பாட்டா, தாளமா, ஓங்காரமா, அதிர்வுப் பலகையா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வயது 48, ஐந்து வருடமாகச் சர்க்கரை. "டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார். பத்தாவது நிமிடமே சலித்துப்போகிறது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கலாமா? தோழி ஒருத்தி, ஓங்காரம் சொன்னாலே போதும், பி.பி. இறங்கிவிடும் என்கிறாள். மகனோ, மேலே நின்றால் உடம்பைக் குலுக்கும் அதிர்வுப் பலகை வாங்கித் தருகிறேன் என்கிறான். அதில் பத்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமமாம். எதைச் செய்வது?"

இதே கேள்வி எனக்குப் பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. இவற்றில் சிலவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றை என் அப்பாவுக்காகத் தேடிப் படித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், நோக்கம். சலிப்பில்லாமல் நடக்க வேண்டுமா, நடையே தடுமாறுகிறதா, படபடப்பு குறைய வேண்டுமா, தூக்கம் வரவேண்டுமா, எலும்பு வலுவாக வேண்டுமா? இவை ஐந்தும் ஐந்து வேறு வேலைகள். ஒரே பொருள் ஐந்தையும் செய்யும் என்று யாராவது விற்றால் அங்கேயே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

இரண்டாவது, சான்று. நாலு பேருக்கு நல்லாயிருந்தது என்பது வேறு, நூற்றுக்கணக்கானவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தது வேறு. மூன்றாவது செலவு, குறிப்பாகக் கடைக்காரர் சொல்லாத செலவு. நான்காவது, ஆபத்து. ஐந்தாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: மூன்று மாதம் கழித்தும் அதைச் செய்துகொண்டிருப்போமா?

| வழி | எதற்கு உதவும் | சான்று | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| வேகமான பாட்டு | நடை, ஓட்டம், சலிப்பு | வலுவானது | காது, சாலை ஆபத்து |
| வெறும் தாளம் | பார்க்கின்சன் என்ற நரம்பு நோயில் தடுமாறும் நடை | வலுவானது | கூட ஒரு ஆள் வேண்டும் |
| சொந்தக் குரல் | மூச்சு, படபடப்பு | சிறிய ஆய்வுகள், ஆனால் தெளிவானவை | மாத்திரையை விட்டுவிடும் ஆசை |
| அதிர்வுப் பலகை | முதியவர் கால் வலு, ஓரளவு | எலும்புக்கு ஏமாற்றம் | பணம், இடம், சிலருக்கு ஆபத்து |
| படுத்துக் கேட்பது | தூக்கம் | நல்லது | கிட்டத்தட்ட இல்லை |

வேகமான பாட்டு

உடற்பயிற்சியும் இசையும் பற்றி அதிகமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் காஸ்டஸ் காராஜியார்ஜிஸ். 2009இல் வந்த அவருடைய குழுவின் ஆய்வு ஒன்றில், டிரெட்மில்லில் பாட்டின் தட்டோடு ஒத்து நடந்தவர்கள் 15 சதவீதம் வரை கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள். 2020இல் அவரும் சேர்ந்து எழுதிய தொகுப்பாய்வு 139 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. பாட்டு கேட்டபடி பயிற்சி செய்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகச் செய்ய முடிகிறது, அதே உழைப்பு குறைவாகத் தோன்றுகிறது, உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜன்கூடச் சற்றே குறைகிறது. இதயத்துடிப்பில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

காரணம் சிக்கலானதல்ல. கால் வலி, மூச்சு வாங்கல் என்று உடம்பு அனுப்பும் செய்தியும் பாட்டும் ஒரே கவனத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. மிதமான வேகத்தில் பாட்டு ஜெயிக்கிறது. தலைதெறிக்க ஓடும்போது உடம்பின் சத்தம்தான் ஜெயிக்கும், பாட்டு காதில் விழாது. எனவே பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் இருப்பவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம். நம் வாசகி அந்த வகை.

இதைக் கண்டுபிடிக்க நமக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு ஏற்றப்பாட்டு இருந்தது, வயலில் நடவுப்பாட்டு, கரையில் படகு தள்ளும்போது ஏலேலோ. எல்லாரும் ஒரே தட்டில் இழுக்க வேண்டும், களைப்பு தெரியக்கூடாது, இரண்டுக்கும் ஒரே மருந்து. அந்தப் பாட்டுகளுக்கும் காதில் மாட்டிக் கேட்கும் பாட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே உழைப்பவரே பாடினார், வேலையின் வேகத்துக்கு ஏற்பப் பாட்டின் வேகமும் மாறியது. நாம் போனுக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

எப்படி? பாட்டைப் போட்டு 15 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 100 அடி எடுத்துவைத்தால் அது மிதமான உடற்பயிற்சி, 130ஐத் தொட்டால் கடுமையானது என்பது நடைப்பயிற்சி ஆய்வாளர்களின் பொதுக்கணக்கு. ஆக, தொடங்குகிறவர்களுக்கு 100 முதல் 115 தட்டுள்ள பாட்டு, பழகியவர்களுக்கு 120க்கு மேல். தாளமும் முக்கியம். கண்ட சாபுவில் அமைந்த கீர்த்தனை ஒன்றுக்கு ஒருநாள் நடந்து பார்த்தேன். எண்ணிக்கை ஐந்து, கால்கள் இரண்டு. ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, வலது காலில் தொடங்கினால் அடுத்தது இடது காலில் தொடங்குகிறது. கேட்க அமிர்தம், நடக்கச் சிக்கல். நாலு நாலாகப் போகும் பாட்டுதான் காலுக்குச் சுலபமாகப் பிடிபடும்.

இனி மறைந்திருக்கும் செலவு. காதுக்குள் இருக்கும் மெல்லிய மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான், 100 டெசிபெலில் 20 நிமிடம்தான். ஜிம்மில் ஸ்பீக்கர் அலற, அதை மறைக்க நீங்கள் காதில் இன்னும் கூட்ட, இந்த எல்லையை ஒரே வாரத்தில் தாண்டிவிடலாம். ஒலியை 60 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். பாட்டை நிறுத்திய பிறகு காதில் 'ங்ங்' என்று இரைந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சாலை. அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்த பாதசாரிகள் அடிபட்ட 116 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். பாதிக்கு மேல் ரயில் மோதியவை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில், மோதுவதற்கு முன்னால் ஹாரன் ஒலித்திருக்கிறது. எனக்கு இது வெறும் எண்ணிக்கை இல்லை. ஒரு விடியற்காலை ஏரிக்கரைச் சாலையில் இரண்டு காதிலும் பாட்டோடு போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்த பால் வண்டியின் கைப்பிடி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பையன், "அண்ணே, மூணு தடவ ஹாரன் அடிச்சேன்" என்றான். கை நடுங்கியது எனக்கு இல்லை, அவனுக்கு. அன்றிலிருந்து சாலையில் நான் பாட்டு கேட்பதில்லை. மைதானம், மொட்டை மாடி, பூங்கா, டிரெட்மில் என்றால் மட்டுமே. கன்னத்து எலும்பு வழியாக ஒலி அனுப்பும் ஹெட்போன் காதுத் துவாரத்தைத் திறந்து வைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் அந்த ஒலியும் கடைசியில் அதே உட்காதுக்குத்தான் போகிறது, ஒலி அளவுக் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. கவனமும் பாட்டில்தான் இருக்கும்.

வெறும் தாளம்

சீரான வேகத்தில் 'டிக் டிக்' என்று தட்டும் மெட்ரோனோம் கருவியின் சத்தம், கைத்தட்டல், எண்ணுவது. பாட்டே வேண்டாம். ஆரோக்கியமானவருக்கு இது சலிப்பு, ஆனால் பார்க்கின்சன் நோயாளிக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும்போது நிலைப்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. இழுத்தால் விழுவார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அவரை இழுக்கவில்லை, ஓரமாக நின்று கையைத் தட்டினார். "ஐயா, என் தட்டுக்குக் கால் எடுங்க. ஒண்ணு... ரெண்டு..." மூன்றாவது தட்டில் வலது கால் படியைத் தாண்டியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அப்பா இளமையிலிருந்து கச்சேரிக்குப் போகிறவர், தொடையில் ஆதி தாளம் போடாமல் உட்கார்ந்து கேட்டதே இல்லை. சில வாரங்களில் நாங்கள் தட்டாமலே தன் தொடையில் தானே தட்டி, அந்தத் தட்டில் காலைத் தூக்கக் கற்றுக்கொண்டார்.

மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகள்தான் நடைக்கான உள்தாளத்தைத் தருபவை. பார்க்கின்சனில் அங்கேதான் பழுது. வெளியிலிருந்து ஒரு தாளம் வந்தால் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவ்ட் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், தாளம் கேட்டபடி மூன்று வாரம் வீட்டிலேயே நடைபழகிய நோயாளிகளின் வேகம் 25 சதவீதமும், அடியின் நீளம் 12 சதவீதமும் கூடின. பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவர்களுக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

செலவு ஒன்றுமில்லை, மெட்ரோனோம் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் தொடக்கத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். வேகத்தைக் கூட்டினால் விழும் ஆபத்தும் கூடும். முதலில் அவர்களுடைய இயல்பான நடையை எண்ணி அதே வேகத்தில் தட்டுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும்.

சொந்தக் குரல்

வாயை மூடி 'ம்ம்ம்' என்று முணுமுணுக்கும்போது ஒரு விரலை மூக்கின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், அதிர்வு விரலுக்கு வரும். அந்த அதிர்வு மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளின் காற்றையும் அசைக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் 2002இல் அளந்தார்கள். சும்மா மூச்சு விடுவதைவிட முணுமுணுத்தபடி விடும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு வாயு 15 மடங்கு கூடியது. சைனஸ் அறைகளில் காற்றோட்டம் நடக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். பிராமரி பிராணாயாமத்தில் வண்டு மாதிரி ரீங்கரிப்பதும் இதே வேலைதான். இதனால் சைனஸ் நோய் குணமாகும் என்று தாவிவிடக் கூடாது.

என்னை அதிகம் தொட்டது 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இத்தாலிய ஆய்வு. லூச்சியானோ பெர்னார்டி குழு 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரமும் சொல்லவைத்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த வேகத்தில் இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடம்பின் அனிச்சைச் செயல் கூர்மையானது. ஆக வேலை செய்வது மொழியோ மதமோ இல்லை, நீண்டு நிதானமாக வெளிவிடும் மூச்சு. தேவாரமோ ஜெபமாலையோ திக்ரோ, உங்களுக்கு வாயில் வருவதை ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

திருப்பூர் வாசகியின் தோழி சொன்னது அப்படியானால் சரியா? பாதி. செய்கிற நேரத்தில் படபடப்பு அடங்கும், சிலருக்கு அழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், இந்த வழியின் மறைந்திருக்கும் செலவே அதுதான். அப்புறம், இது உடற்பயிற்சிக்கு மாற்றும் இல்லை. தசை சுருங்கி விரியும்போது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்து ஓதும்போது கால் தசைக்கு அந்த வேலை இல்லை.

அதிர்வுப் பலகை

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

அதிர்வால் நோய் தீரும் என்ற நம்பிக்கை பழையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, ரயிலில் நெடுந்தூரம் குலுங்கி வந்த பார்க்கின்சன் நோயாளிகள் தெம்பாக இருப்பதாகச் சொன்னதைக் கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்தார். 2012இல் அமெரிக்க மருத்துவர்கள் அதைத் திரும்பச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு நாற்காலி அதிர்ந்தது, இன்னொரு குழுவுக்கு அதிர்வு இல்லாமல் ஒலி மட்டும். இரண்டு குழுவுமே தேறின. அதிர்வு இல்லாமலே தேறினார்கள் என்றால் அதிர்வுக்கு என்ன பங்கு?

இப்போது வீட்டுக்கு வரும் பலகை, மேலே நிற்பவரை நொடிக்கு 20 முதல் 50 முறை வரை அசைக்கும். விளம்பரத்தில் எலும்பு வலுவாகும் என்று ஆய்வுகளைக் காட்டுவார்கள். இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். எலும்புக்காகப் பெரிதாகச் சோதிக்கப்பட்ட பலகை மிக மென்மையானது, அதன் அசைவின் முடுக்கம் புவியீர்ப்பில் 0.3 பங்கு, நிற்பவருக்குத் தெரிந்தும் தெரியாத அதிர்வு. கடையில் விற்கும் பலகை 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறை) வேகத்தில் மேலே 2 மில்லிமீட்டர், கீழே 2 மில்லிமீட்டர் அசைந்தால், கணக்குப்படி அது புவியீர்ப்பைப்போல 7 மடங்கு. ஆய்வில் இருந்ததைவிட இருபது மடங்குக்கும் மேல். இரண்டும் ஒரே பொருளே இல்லை.

சரி, அந்த மென்மையான பலகையாவது பலன் தந்ததா? மாதவிடாய் நின்ற 202 பெண்களை ஒரு வருடம் வைத்துக் கனடாவில் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வந்தது. எலும்பு அடர்த்தியில் பலன் இல்லை. முதியவர்கள் 174 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து நடந்த அமெரிக்கச் சோதனை 2015இல் அதையேதான் சொன்னது.

நல்லதும் சொல்ல வேண்டும். நடக்கவே முடியாத, உட்கார்ந்து எழவே சிரமப்படும் முதியவர்களுக்குக் கால் வலுவிலும் சமநிலையிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்த ஆய்வுகள் உண்டு. மருத்துவமனையில், கைப்பிடியோடு, பக்கத்தில் ஆளோடு, முழங்காலை லேசாக மடக்கி நின்று செய்வது அது. முழங்காலை நேராக விறைத்து நின்றால் அதிர்வு அப்படியே முதுகெலும்பு ஏறித் தலைக்குப் போகும். லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலி ஏன் வருகிறது என்று யோசித்தால், நாள் முழுக்க உடம்பு அதிர்வது விளையாட்டில்லை என்பது புரியும்.

என் சித்தப்பா ஒரு பொருட்காட்சியில் 18,000 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினார். முதல் வாரம் தொடையெல்லாம் அரிப்பு. தோலுக்கு இரத்தம் வேகமாகப் பாய்வதால் சிலருக்கு அப்படி வரும். இரண்டாவது வாரம் கீழ்வீட்டுக்காரர் வந்து, கூரை மின்விசிறி ஆடுகிறது என்றார். மூன்றாவது மாதம் அதன் கைப்பிடியில் துண்டு காய்ந்தது. என் ஐந்தாவது அளவுகோல் அதைப் பார்த்த பிறகு வந்ததுதான்.

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், காலில் இரத்தக்கட்டி, வலிப்பு, சிறுநீரகக் கல், விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள் இதில் ஏறவே கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். விழித்திரை பாதிப்பு பலருக்கு அறிகுறியே இல்லாமல் இருக்கும். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் நிலைதடுமாறி விழவும் வாய்ப்புண்டு.

படுத்துக்கொண்டு கேட்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூக்கம் வராதவர்களுக்கு இசை உதவுகிறது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வுத்தொகுப்பு 13 சோதனைகளைப் பார்த்துவிட்டு, இசை கேட்டவர்களின் தூக்கத்தின் தரம் கூடியது என்றது. உங்களுக்குப் பிடித்த, வேகம் குறைந்த இசையே போதும். 528 ஹெர்ட்ஸ் ஒலி உடம்பின் செல்லைப் பழுதுபார்க்கும், 432 ஹெர்ட்ஸ் பிரபஞ்சத்தோடு இணைக்கும் என்ற பேச்சுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, அதற்காகச் சந்தா கட்டாதீர்கள். பெர்னார்டியின் 2006 ஆய்வில் ஒரு அழகான விஷயம் கிடைத்தது. இசைத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிட மௌனம் விட்டார்கள். வேகமான இசையின்போது ஏறிய இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்த மௌனத்தில், இசைக்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கின. ஆகவே பாட்டு தானாக நிற்கும்படி நேரம் வைத்துவிட்டுப் படுங்கள்.

திருப்பூர் வாசகிக்கு

அம்மா, நீங்கள் பாட்டோடு நடங்கள், ஆனால் சாலையில் வேண்டாம். பக்கத்துப் பள்ளி மைதானமோ உங்கள் மொட்டை மாடியோ போதும். 100 தட்டுள்ள பாட்டுகள் ஆறேழு சேர்த்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். ஒலியைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். தோழியின் ஓங்காரத்தை இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையைத் தொடாமல். பலகைக்கென்று மகன் எடுத்துவைத்திருக்கும் பணத்தில் முதலில் பாதத்தை அழுத்தாத, முன்பக்கம் அகலமான ஒரு ஷூ வாங்கித் தரச் சொல்லுங்கள். மிச்சத்தில் கண் மருத்துவரிடம் விழித்திரையையும், உங்கள் டாக்டரிடம் பாத உணர்ச்சியையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஐந்து வருடச் சர்க்கரைக்கு அது இந்த மாதமே நடக்க வேண்டியது.